பூவம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை

பெரிய காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை, மதியம்.

மதிப்பும் பாசமும் மிகுந்த ஆதிகேசவன் மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் அபிநயா வணங்கி எழுதுவது.

இந்த இடத்தில் "இங்கு அனைவரும் நலம்" என்று எழுத வேண்டும். எழுதப்போவதில்லை. கடந்த இரண்டு மாதமாக நாங்கள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வரியால் வந்தது. அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுப் பூனைக்கும்.

போனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் மூன்று முறை கூப்பிட்டீர்கள். மூன்று முறையும் "அப்புறம் பேசறேன் மாமா" என்றேன். காரணம் தறி. நான் போனை எடுத்ததும் தறி நின்றுவிடும். அம்மாவின் காது ஓடத் தொடங்கும். ஒரே கூடம். அதனால் கடிதம். இ-சேவை மையத்தில், சாப்பாட்டு இடைவேளையில், பிரிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் லீவு போட்டுவிட்டு ஓசூரிலிருந்து வந்து, உதவித்தொகை அலுவலகத்தில் சத்தம் போட வேண்டாம். போட வேண்டிய சத்தத்தை ஊரே போட்டுவிட்டது.

ஆரம்பம் ஒரு பத்திரிகைச் செய்தி. உள்பக்கம். நான்கு வரி. மாற்றுத்திறனாளிகளின் மாத உதவித்தொகையைக் குறைக்க ஒரு பரிந்துரை. வேலை செய்யக்கூடியவர்களைக் கண்டறிய வீடு வீடாக ஆய்வு. பரிந்துரைத்தது யார், எப்போதிலிருந்து, யாருக்கெல்லாம், ஒன்றும் இல்லை. மாலைக்குள் அந்த நான்கு வரி வாட்ஸப்பில் குட்டி போட்டுவிட்டது. கண் தெரியாதவர்களைச் சினிமா தியேட்டரில் பார்த்தால் தொகை ரத்து என்றது ஒரு செய்தி. ஊன்றுகோலைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றது இன்னொன்று. சிரித்த முகத்தோடு போட்டோ எடுத்திருந்தால் பாதிதான் என்றது மூன்றாவது. மறுநாள் காலை மையத்தைத் திறக்கும்போது வாசலில் பதினாறு பேர். பதினாறு பேரும் அடையாள அட்டையில் இருக்கும் போட்டோவை மாற்ற வந்திருந்தார்கள். சோகமாக.

நான் அம்மாவைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூன்று வயதில் இளம்பிள்ளைவாதத்தில் செயலிழந்த வலது கால். உங்கள் சைக்கிள் கேரியரில் வைத்து நீங்களே மருத்துவக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிய சான்றிதழ். இதில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது? அப்படித்தான் நினைத்தேன். எம்.ஏ. படித்தவளின் நினைப்பு.

அந்தப் பணம் எதற்கென்று உங்களுக்குத் தெரியும். நெசவுக் கூலியும் அப்பா கம்பெனி பஸ் ஓட்டும் சம்பளமும் வீட்டுக்கு. உதவித்தொகை அம்மாவுக்கு. அதில்தான் சத்தார் பாயின் ஆட்டோ. சந்தை, கோயில், தங்கை மாதிரி பழகும் சிநேகிதிகள், ஊரில் நடக்கும் எல்லாக் கல்யாணமும் அந்த ஆட்டோவில்தான். பணம் நின்றால் அம்மா தெருவைப் பார்ப்பது ஜன்னல் வழியாக மட்டும். வேறு எதுவும் பறிபோகாது. அது மட்டும்தான்.

ஆய்வுக்கு வந்தவர் பெயர் கிரேஸ். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் டேப்லட், தோளில் பை, காலில் வெயில். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. அம்மா தறிக்குழியில். ஒரு முகூர்த்தப் புடவையின் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. முந்தியில் ஒரு பூ ஆரம்பித்தால் அந்தப் பூ முடியாமல் அம்மா எழமாட்டாள். பாதியில் எழுந்தால் கணக்கு விட்டுப்போகும் என்பது ஒரு காரணம். கல்யாணப் பெண்ணுக்கு ஆகாது என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் அடி விழும். குழித்தறியில் உட்கார்ந்த மனுஷியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடுப்புக்கு மேலேதான் ஆள். கீழே இருப்பது குழிக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். இடது கால் இரண்டு மிதியையும் மாற்றி மாற்றி மிதிக்கிறது. வலது கால் ஓரமாக விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மேலே பார்த்தால் மகாராணி. பூ வைத்த கொண்டை, நிமிர்ந்த முதுகு, பறக்கிற கை.

"வாம்மா, உள்ள வா, வெயில்ல வந்துகினு கீற, மொதல்ல தண்ணி குடி, அபி, மோர் கொண்டா" என்றாள் அம்மா. கிரேஸ் ஸ்டூலில் உட்கார்ந்து கேள்விகளைத் தொடங்கினார். மாமா, நான் மோர் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன், தடுக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அம்மா சொன்னது எல்லாம் இருபத்தாறு வருடமாக இந்த வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அவள் சொல்வதுதான், எனக்கு அது பதிலாகவே கேட்கவில்லை, மின்விசிறிச் சத்தம் மாதிரி கேட்டது. எப்படி இருக்கீங்கம்மா என்றதற்கு நல்லா கீறோம்மா, ஒரு கொறையும் இல்ல என்றாள். நடக்கச் சிரமம் உண்டா என்றதற்கு இன்னா சிரமம், போன கருட சேவைக்கு வரதர் பின்னாலயே போனேனே என்றாள், போனது வாஸ்தவம், ஆட்டோவில். சமைக்க யாராவது உதவணுமா என்றதற்கு எனக்கெதுக்கு ஒதவி, நாலு வீட்டு விசேஷத்துக்கு நான் ஒக்காந்து காய் அரிஞ்சி குடுப்பேன் என்றாள். வலி இருக்கா என்றதற்கு வலி யாருக்குத்தான் இல்ல, உனக்கு இல்லியா என்று சிரித்தாள். கடைசியாக வேறு ஏதாவது சொல்லணுமா என்றதற்கு ஆமா, நீ இன்னொரு டம்ளர் மோர் குடிக்காம போவக் கூடாது என்றாள். அவ்வளவு நேரமும் தறி நிற்கவில்லை. கிரேஸ் தட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "தங்கமான பொண்ணு. கேட்டதயே கேக்குது, ஆனா தங்கம்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து நோட்டீஸ். பதிவுத் தபால்.

"திருமதி பூவம்மாள் ஆகிய தாங்கள் கள ஆய்வில் நல்ல உடல்தகுதியுடன் இருப்பதும், இரு கால்களாலும் தறி இயக்குவதும் தெரியவருவதால், தங்கள் உதவித்தொகையை ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்."

நான்தான் படித்துக் காட்டினேன். அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு கையில் வாங்கிப் பார்த்தாள்.

"நல்ல உடல்தகுதின்னா போட்டுக்கீறாங்க?"

"ஆமாம்மா."

"சீலு வெச்சிக்கீது?"

"வெச்சிக்கீது."

மாமா, அவள் அதை ஆட்டோவில் போய்த் தெருவில் நான்கு வீட்டில் காட்டிவிட்டு வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது என்று. ஐந்தாவது வீட்டில் மிச்ச வரியையும் படித்திருக்கிறார்கள். திரும்பி வந்தாள். நோட்டீஸை என்னிடம் நீட்டினாள்.

"இத்த லேமினேட் பண்ணி வெய்யி."

"அம்மா, பணத்தை நிறுத்தப் போறாங்க."

"அது தெரியும். அது வேற, இது வேற. மொதல்ல லேமினேட் பண்ணு. அப்புறம் சண்ட போடலாம்."

பண்ணிக் கொடுத்தேன். இதே பிரிண்டருக்குப் பக்கத்து மிஷின்.

விளக்கக் கடிதம் என் பொறுப்பு. தினமும் முப்பது பேருக்கு மனு தட்டச்சு செய்கிறவள். நான்கு பக்கம் எழுதினேன். "நடத்தல் என்றால் என்ன?" என்று தொடங்கினேன். உடல் என்பது பிறர் பார்வையில் மட்டும் முழுமையடைகிற ஒன்றா என்று இரண்டாம் பத்தியில் கேட்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் குழி ஒரு படிமமாக மாறியது. எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. மாற்றுத்திறனாளிகள் சங்கத் தலைவர் வேலாயுதம் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறாரே, பார்வை இல்லாதவர், அவர்தான். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா கீதும்மா. யாருக்கு இது? சாமிக்கா, ஆபீசுக்கா?"

"ஆபீசுக்கு."

"கால் வரவே இல்லியேம்மா இதுல. ஒரு எடத்துலயும் கால் வரல."

உண்மை. நான்கு பக்கத்தில் கால் என்ற சொல்லே இல்லை. காலம் இருந்தது, மூன்று முறை. கடைசியில் ஆட்டோவில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த சத்தார் பாய் சொன்ன ஒரே வரியைத் தட்டச்சு செய்து அனுப்பினோம்: "ஐயா, தறியில் உட்காராத நேரத்தில் மறுபடி வந்து பாருங்கள்."

அதற்கு நடுவில் போராட்டம். வேலாயுதம் அண்ணன் நாள் குறித்தார். ஆய்வில் மாட்டியது அம்மா மட்டுமில்லை; ஊரில் பாதிப் பேரிடம் "நல்லா இருக்கோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். யார் வந்து கேட்டாலும் வேறு எதைச் சொல்வது? அலுவலக வாசலில் மூன்று சக்கர வண்டிகள் மட்டும் அறுபது. நான் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. கோபமாக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கோபத்தை மறந்துவிட்டார்கள். பத்து வருடம் பார்க்காத சிநேகிதர்கள். எல்லோரும் வெளியே வந்த நாள். உம்முசல்மா அக்கா, சத்தார் பாயின் சம்சாரம், எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். காது கேளாத பையன்கள் கைகளாலேயே கோஷம் போட்டார்கள். அதுதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்தது. ஒரு கால் இல்லாத ஒருவர் இன்னொரு கால் இல்லாதவரிடம் செருப்பு சைஸ் கேட்டுக்கொண்டிருந்தார். வலது இவருக்கு, இடது அவருக்கு. இனிமேல் ஒரே ஜோடி வாங்கினால் போதும் என்று முடிவாகிவிட்டது.

அம்மா பட்டுப்புடவையில் வந்தாள். கத்திரிப்பூ நிறம், அவளே நெய்தது.

"அம்மா, இது உதவித்தொகைப் போராட்டம்."

"தெரியும். நாலு பேர் பாக்கற எடம். கந்தலக் கட்டிக்கினு வரணுமா?"

"கொடு, கொடு, உதவி கொடு" என்று வேலாயுதம் அண்ணன் தொடங்கினார். அம்மா வாய் திறக்கவில்லை. என்னம்மா, உங்க குரலே கேட்கலையே என்றார் அவர். கூட்டத்தில் யார் கத்தவில்லை என்பதைக்கூடக் கண்டுபிடிக்கிற காது. "குடு குடுன்னு கையேந்த மாட்டேன். வேற எதுனா சொல்லு" என்றாள் அம்மா. அங்கேயே கோஷத்தை மாற்ற வேண்டியதாயிற்று. "இன்னா தப்பு பண்ணோம் நாங்க? இன்னாத்துக்கு நிறுத்தற நீங்க?" இது நன்றாக ஓடியது. தாளமும் இருந்தது.

பந்தோபஸ்துக்கு வந்த பெண் போலீஸ் ஒருவர் அம்மாவுக்கு நாற்காலி போட்டார். பிறகு புடவையைத் தொட்டுப் பார்த்தார். எங்கே எடுத்தது என்றார். தங்கைக்கு வைகாசியில் கல்யாணமாம். அம்மா முந்தியை விரித்து, யாளியைக் காட்டி, எந்த நிறம் மாநிறத்துக்கு எடுக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் அரைப்பக்கம். நடுவில் அம்மா, பட்டு, நாற்காலி, வாய்கொள்ளாத சிரிப்பு, பக்கத்தில் புடவையைப் பிடித்தபடி போலீஸ். கீழே: "உதவித்தொகைக் குறைப்பைக் கண்டித்துக் கண்ணீர்ப் போராட்டம்."

இதுவும் அலுவலகத்துக்குப் போயிருக்கும் என்று நான் பயந்தேன். அம்மா பயந்தது வேறொன்றுக்கு. முந்தி மடிப்பு சரியாக விழவில்லையாம்.

மறு ஆய்வுக்குத் தேதி வந்ததும் ஒத்திகை தொடங்கியது. வேலாயுதம் அண்ணன் கடையை மூடிவிட்டு வந்தார். அவர்தான் கிரேஸ். அம்மா அம்மாவாகவே.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா..."

"நல்லான்னு வரக் கூடாது. மறுபடி. எப்படி இருக்கீங்க?"

"ஏதோ கீறேம்பா."

"ஏதோ சரி. கொரல் சரியில்ல. கொரல்ல சந்தோசம் கீது. எடுத்துடுங்க அத."

"எப்டி எடுக்கறது? கொரலு அப்டிதான் கீது. இன்னா வேலாயுதம், செத்த வீட்லயா பேசறோம்?"

"கஷ்டத்த நெனச்சுக்கினு பேசுங்கம்மா."

அம்மா கண்ணை மூடினாள். கஷ்டத்தை நினைத்தாள். முகம் சுருங்கியது. அடுத்த நொடி உதடு துடித்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். வேலாயுதம் அண்ணனும் சிரித்தார். சத்தார் பாய் வாசலிலிருந்து, "அக்கா, இது உங்களுக்கு ஆவாது. வுட்டுடுங்க. பொய் சொல்லப் பழகறதவிட நெஜத்த சொல்றதுதான் உங்களுக்குக் கஷ்டமா கீது" என்றார். அந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்க வேண்டும். பீடிப்புகையில் போய்விட்டது.

போன மாதம் பத்தாம் தேதி, கிரேஸ் வந்தார். அம்மா நாற்காலியில். பழைய நூல் புடவை, பூ இல்லாத தலை. வேலாயுதம் அண்ணனின் உத்தரவு. பூ இல்லாததில் அம்மாவுக்கு நிஜமாகவே வருத்தம். அதனால் முகம் பொருத்தமாக இருந்தது. அண்ணன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். அவருக்குக் கதவு தடையே இல்லை.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா கீறேன் கண்ணு. நீ எப்டி கீற? வீட்ல எல்லாரும் சொகமா?"

கதவுக்குப் பின்னால் இருமல்.

கிரேஸ் டேப்லட்டை மடியில் வைத்தார். "அம்மா, போன தடவை நான் எழுதினது தப்பா இருக்கலாம். நீங்க சொன்னா திருத்தறேன். ஆனா நீங்க சொல்லணும். போன தடவை மாதிரி நானா பாத்து எழுத முடியாது. சொல்றதத்தான் எழுத முடியும்."

அம்மா நகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு, "பொடவ பாக்கறியா? முடியற மாதிரி கீது" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன். கிரேஸ் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அம்மா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் கையூன்றி நகர்ந்து போய்க் குழியின் விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகக் காட்டினாள். இதற்குள்ளே எப்படி உட்காருவீர்கள் என்று கிரேஸ் கேட்டார். ஒக்காந்து பாரேன், தறி ஒண்ணும் கடிக்காது என்றாள் அம்மா. அவர் செருப்பைக் கழற்றி, பையை என்னிடம் கொடுத்து, பலகையைப் பிடித்துக்கொண்டு உள்ளே காலை விட்டார். உட்கார்ந்தார். மிதியை மிதித்துப் பார்த்தார். நூல் மேலும் கீழுமாகப் பிரிந்தது. குழந்தை மாதிரி சிரித்தார். சரி, எழுந்திருக்கலாம் என்று பார்த்தார். எழ முடியவில்லை. கையை ஊன்றினார். முட்டி மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"ஐயோ, என் முட்டி. மூணு வருஷமா இந்த முட்டி வலி. தெருத்தெருவா நடந்து நடந்து. மாடி ஏறினா உசுர் போவுது."

மாமா, இங்கேதான் எல்லாம் மாறியது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்வது நம் பெண்களுக்கு மரியாதை. ஆனால் எதிரில் இருப்பவள் எனக்கு முட்டி வலி என்று சொல்லிவிட்டால்? அதற்கு வேறு மரியாதை இருக்கிறது. உன் வலியை விடப் பெரிய வலியை உடனே எடுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவள் தனியாகிவிடுவாள். கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்திருப்பீர்கள்.

"முட்டியா? அத வுடு கண்ணு, எனக்கு கீறத கேளு" என்றாள் அம்மா. அதன் பிறகு அவள் நிற்கவில்லை. இந்த இடது காலு கீதே, ரெண்டு காலு வேலயும் இதுவே பாக்கறதால சாயங்காலம் ஆனா பூசணிக்கா மாதிரி வீங்கிப்பூடும், பொண்ணுக்குத் தெரியாம வெந்நீர்ல வெச்சிப்பேன், கொழிலேந்து ஏற்றதுக்கு காலு எங்க ஒதவுது, கைய ஊணி ஊணித்தான் ஏறணும், தோளு ரெண்டும் நெருப்பு, மழ நாள்ல பாத்ரூம் போவறதுன்னா சாமி எல்லாத்தயும் கூப்டுக்கினே போவேன், வெளியூரு கல்யாணம்னா காலைலேந்து பச்சத் தண்ணி பல்லுல படாது, அங்க போயி பாத்ரூமுக்கு எங்கன்னு ஏறி எறங்கறது, பஸ்ஸ தொட்டு பன்னெண்டு வருசம் ஆவுது, கடசியா ஏறனப்போ ஒரு காலு உள்ள ஒரு காலு வெளிய, விசிலு குடுத்துட்டான் பாவி, கோயிலுக்குப் போனாலும் கூட்டம்னா வெளிய நின்னு கோபுரத்தப் பாத்து கும்பிட்டுட்டு வந்துடறது, தள்னா எழுந்துக்க முடியாதே, குடத்தத் தூக்க முடியாது, செருப்புன்னா ஒண்ணு தேயும் ஒண்ணு புதுசாவே கெடக்கும், அதெல்லாம்கூட போவட்டும் கண்ணு, இதோ நிக்கறா பாரு, இவள நான் இடுப்புல தூக்கி வெச்சிக்கினு ஒரு நாளு நடந்ததில்ல, ஒக்காந்தே வளத்தேன், இவ மொத மொதல்ல ஓடனப்போ ஊரே கை தட்டுச்சி, எனக்கு மட்டும் வயித்துல பயம், தெருவுக்கு ஓடிப்பூட்டா நான் எங்க பிடிக்கறது.



எனக்கு இருபத்தாறு வயது. இதில் பாதி எனக்குத் தெரியாது. நான் நான்கு பக்கம் எழுதினேன்.

கிரேஸ் குழிக்குள் உட்கார்ந்தபடியே நெசவுப் பலகையின் மேல் டேப்லட்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் வேலாயுதம் அண்ணன் மூக்கைச் சிந்தினார். அம்மா திடுக்கிட்டாள்.

"இன்னா, எழுதறியா?"

"ஆமாம்மா."

"சும்மா பேச்சுக்கு சொன்னேன். எல்லாத்தயும் எழுதாத."

"நீங்க சொன்னீங்க, நான் எழுதறேன். மொதல்ல என்னைத் தூக்குங்க."

நான் ஒரு கையைப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா தரையில் நன்றாகச் சம்மணம் மாதிரி அமர்ந்து, கிரேஸின் இரண்டு கைகளையும் பிடித்து, ஒரு இழுப்பு. கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல வந்தார். கூடத்தில் இருவரும் உருண்டார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுச் சத்தார் பாய் ஓடி வந்தார்.

"அம்மா, உங்க கை என்னா பலம்!" என்றார் கிரேஸ்.

"அத எழுதாத" என்றாள் அம்மா, உடனே.

நேற்று உத்தரவு வந்தது மாமா. உதவித்தொகை தொடரும். குறைப்பு இல்லை. முந்தைய ஆய்வு ரத்து. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மேலே முதல் பத்தியிலேயே எழுதியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எழுதினால் மிச்சத்தைப் படித்திருக்க மாட்டீர்கள்.

உத்தரவோடு ஆய்வு அறிக்கையின் நகலும் இணைத்திருந்தார்கள். வரிசை எண் போட்டு, அம்மாவின் சிரமங்கள் பதினொன்று. சுத்தமான அலுவலகத் தமிழில். "மகளை இடுப்பில் சுமக்க இயலாமை" என்பது பதினொன்றாவது. அம்மா படிக்கச் சொன்னாள். படித்தேன். "இவ்ளோவா சொன்னேன்?" என்றாள். வாங்கி மடித்து முந்தானையில் செருகிக்கொண்டாள். இதை லேமினேட் பண்ணச் சொல்லவில்லை. சாயங்காலம் சத்தார் பாயின் ஆட்டோவைக் கூப்பிட்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, போலீஸ்காரம்மாவின் தங்கைக்கு நிறம் பார்க்கப் போய்விட்டாள். வேலாயுதம் அண்ணன் தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார். மற்றவர்களுக்கும் மறு ஆய்வு கேட்டு மனு போடுகிறோம். இந்த முறை வருகிறவர்களிடம் முதலில் அவர்களுடைய முட்டியைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம்.

எனவே நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அம்மா முதல் முறையாகத் தன் கஷ்டத்தை வாயால் சொல்லிவிட்டாள். அது சீல் வைத்த காகிதத்தில் இருக்கிறது. இனி யாராலும் அழிக்க முடியாது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

அத்தைக்கும் உங்களுக்கும் காமாட்சியின் துணை என்றும் இருக்கட்டும். அடுத்த முறை வரும்போது அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து விளையாட வேண்டாம். தோள்.

பணிவுடன்,
உங்கள் மருமகள்
அபிநயா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். சற்றுமுன் செய்தி. அந்தப் பரிந்துரையைக் கைவிட்டுவிட்டார்களாம். யாருக்கும் குறைப்பு கிடையாது, ஆய்வும் கிடையாது, ஏற்கெனவே நடந்த ஆய்வுகளும் செல்லாது, எல்லோருக்கும் பழையபடியே. நான் சந்தோஷமாக அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் தறி நின்றது. "அப்போ நான் சொன்னதெல்லாம் தண்டமா? சொல்லாமலே வந்திருக்குமா?" என்றாள். "போயி திருப்பி வாங்கிக்கினு வரேன்." அம்மா, அதெல்லாம் கோப்பில் ஏறிவிட்டது, வாங்க முடியாது என்றேன். "முடியாதுன்னா கிரேஸ் பொண்ணாண்ட கோடு போட்டு அடிக்கச் சொல்றேன். பதினொண்ணுல எட்டு அடிச்சா போதும். மூணு இருக்கட்டும், பாவம், கஷ்டப்பட்டு எழுதிச்சி" என்று வைத்துவிட்டாள். இப்போது மையத்தின் வாசலைத் தாண்டி ஆட்டோ போகிறது. உள்ளே அம்மா, கத்திரிப்பூ பட்டு. எனக்குக் கை காட்டுகிறாள். எந்த மூன்று, பதினொன்றாவது அதில் உண்டா என்று கேட்காமல் விட்டுவிட்டேன் மாமா. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுகிறேன்.